முன்னால் போன வெள்ளைப் புடவைகள்

எலுமிச்சம்பழம் வேண்டாம்மா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இது பஸ் குமட்டல் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தப் பாண்டி ரோட்டில் போய் வருகிறேன், ஒரு தடவை வாந்தி எடுத்ததில்லை. இது வயிற்றிலிருந்து வருவதில்லை, மனசிலிருந்து வருகிறது. கிளம்பும்போது விழாவில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். பிரித்துப் பார்க்கவே பிடிக்காமல் நாற்காலி மேலேயே வைத்துவிட்டு வந்தேன். தண்ணீர்கூட அவர்கள் பாட்டிலில் குடிக்கவில்லை. அப்படி ஓர் அருவருப்பு.

யாரிடமாவது சொல்லிவிட்டால் கொஞ்சம் அடங்கும். நீங்கள் பண்ருட்டிதானே? நான் நெல்லிக்குப்பம். நேரம் இருக்கிறது.

எனக்கு ஒரு பெண், ஒரு பையன். பெண்ணை நெய்வேலியில் கொடுத்திருக்கிறேன், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பையன் பேர் தில்லைநாதன். சிதம்பரத்தில் வேண்டிக்கொண்டு பெற்றது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஆகாது. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அவனுக்குப் பெண்கள்மேல் நாட்டம் கிடையாது. ஆண்பிள்ளைகள்மேல்தான். இன்றைக்கு இதைப் பஸ்ஸில் உட்கார்ந்து சாதாரணமாகச் சொல்கிறேன் பாருங்கள், இந்த இடத்துக்கு வந்து சேர நான் பட்ட பாடு திருவந்திபுரம் பெருமாளுக்குத்தான் தெரியும்.

அவன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது அவன் அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பெல்ட்டால் விளாசி, தெருவில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். நான் என்ன செய்வேன்? பூஜை அறையில் உட்கார்ந்து அழுதேன். விளக்கு அணையாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தேன். வெளியே அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. அவர் கோபக்காரர். இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைப் பற்றி எதற்கு.

தெருவில் நின்றவனைச் சேர்த்துக்கொண்டது சுலோச்சனா. திருநங்கை. கடலூர் முதுநகரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வீடு. அந்த வட்டாரத்துத் திருநங்கைகளுக்கு அவங்கதான் பெரியவங்க. நிறைய மகள்கள். பெற்ற மகள்கள் இல்லை, நாலு பேர் முன்னால் வைத்து, இவள் இனி என் மகள் என்று எடுத்துக்கொள்வது. அது அவங்க வழக்கம். தில்லை அவங்க மாதிரி இல்லை, பேண்ட் சட்டை போட்ட பிள்ளை. ஆனாலும் இடம் கொடுத்தாங்க. அவனைப் போலவே வீட்டிலிருந்து துரத்திவிடப்பட்ட பையன்கள் இன்னும் சிலபேர் அங்கே இருந்தார்களாம். முன்னறையை அவர்களுக்கு விட்டுவிட்டு, இவங்க எல்லாரும் சமையற்கட்டில் நெருக்கியடித்துப் படுப்பாங்களாம். கடை கடையாகப் போய்க் கைதட்டிக் கேட்டு வாங்கி வந்ததில்தான் என் பிள்ளை டிகிரி முடித்தான். அதை நான் மறைக்க மாட்டேன். தினமும் விளக்கேற்றும்போது எல்லார் பேரையும் சொல்லிக் கும்பிடுவேன். பெண், மருமகன், பேரப்பிள்ளைகள், தில்லை, என் கூடப்பிறந்தவர்கள், பக்கத்து வீட்டு டீச்சர், அப்புறம் சுலோச்சனா. ஒரு நாள் விட்டதில்லை.

இந்தப் பிள்ளைகள் இப்போது வருஷா வருஷம் வானவில் கொடி பிடித்து ஊர்வலம் போகிறார்களே, டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் அதை ஆரம்பித்ததே அந்த அம்மாதான். பார்க்கில் உட்கார்ந்திருந்த இரண்டு பையன்களை ஆட்கள் கூடி அடித்துவிட்டார்கள். மற்ற பையன்கள் பயந்துபோய் வீட்டைவிட்டு வெளியே தலை காட்டவில்லை. இவங்க மகள்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே கிளம்பிட்டாங்க, நியாயம் கேட்கிறேன் என்று. பிறகு பையன்களும் சேர்ந்துகொண்டார்கள், முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு. அவர்களை நடுவில் விட்டு, இவங்க சுற்றிலும் வேலி மாதிரி நடந்தாங்களாம். கல் விழுந்தால் முதலில் யார்மேல் விழும்? போட்டோ பிடித்தால் யார் முகம் வரும்? மறுநாள் பேப்பரில் வந்தது இவங்க முகம்தான். அந்தப் படத்தில் என் பிள்ளையும் இருக்கிறான், ஒரு நீலக் கைக்குட்டையாக.

அது நடந்து பத்து வருஷம். பத்தாவது வருஷத்தைப் பெரிசாகக் கொண்டாட வேண்டும், பாண்டியில் வைக்கலாம் என்று கமிட்டி போட்டார்கள். தில்லையும் கமிட்டியில் இருக்கிறான். தலைவன் நிரஞ்சன் என்று ஒரு பிள்ளை, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன். ஆன்ட்டி, ஆன்ட்டி என்று வாய் நிறையக் கூப்பிடுவான். பெற்றவர்கள் வந்து நின்றால்தான் ஊர் மதிக்கும் என்று சொல்லி, பிள்ளையை ஏற்றுக்கொண்ட தாய் என்று எனக்கு மேடையில் பொன்னாடை போடப்போவதாகச் சொன்னான். எனக்கு எதற்குப்பா அதெல்லாம் என்றேன். விடவில்லை. நான் பேசவேண்டியதையும் அவனே எழுதி அனுப்பிவிட்டான். தில்லை போனில் வாசித்து வாசித்து என்னை மனப்பாடம் பண்ணவைத்தான். 'என் மகனை நான் ஒருநாளும் கைவிட்டதில்லை' என்று ஆரம்பம். நன்றாகத்தான் எழுதியிருந்தான்.

ஊர்வலத்தில் கொடியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக நடக்கப்போவது சுலோச்சனா. தில்லையே போன் பண்ணி, நீங்கள்தான் முன்னால் நடக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை என்று அவங்க மகள் ஒருத்தி என்னிடம் சொன்னாள். பத்து வருஷத்தில் எத்தனையோ கூட்டம் நடந்திருக்கிறது, இவங்களைக் கூப்பிட்டுப் பின்வரிசையில் உட்காரவைப்பதோடு சரி. இந்தத் தடவைதான் முன்னால்.

நாள் பார்த்ததில்தான் வந்தது வினை. மே ஒண்ணாம் தேதி லீவு, எல்லாருக்கும் தோது என்று இன்றைக்கு வைத்தார்கள். இன்றைக்கு என்ன நாள்? கூவாகத்தில் தேர். நம்ம பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். முந்தின நாள் ராத்திரி திருநங்கைகள் அத்தனை பேரும் பட்டுக் கட்டி, பூ வைத்து, அரவானைப் புருஷனாக வரித்துத் தாலி கட்டிக்கொள்வார்கள். காலையில் தேர் போகும், அரவான் பலியாவார். உடனே தாலியை அறுத்து, வளையலை உடைத்து, தலை முழுகி, வெள்ளைப் புடவை. நானும் அவர் போனபிறகு பூவை எடுத்தவள்தானே. அந்த அழுகை நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட நாளில் கொண்டாட்டத்தை வைத்திருக்கிறார்கள், பட்டணத்துப் பிள்ளைகள், பஞ்சாங்கம் பார்க்கத் தெரியவில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

நான் காலையிலேயே வந்துவிட்டேன். கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். வாசலில் பலூன், வர்ணத் தோரணம். பிள்ளைகள் கன்னத்தில் மின்னுகிற பொடி பூசிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சந்தோஷமாக இருக்கட்டும். வெளியே ஒரு பலகை வைத்திருந்தார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் முகம் சுளிக்காதபடி நடந்துகொள்ள வேண்டும், திருநங்கைகள் கைதட்டிப் பேச வேண்டாம், வெளியே கடை கேட்கப் போக வேண்டாம். இப்படி நயமாகவே எழுதியிருந்தார்கள்.

மூன்று மணிக்கு மேல் சுலோச்சனா வந்தாங்க. கூவாகத்திலிருந்து நேராக பஸ் பிடித்து, மகள்களோடு. எல்லாரும் வெள்ளை. வெறும் கழுத்து, வெறும் கை, ஈரம் காயாத தலை. அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. வாசலில் நின்ற பிள்ளைகள் உள்ளே விடவில்லை. நிரஞ்சனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவன் கும்பிட்டான். உங்கள் நம்பிக்கையை நாங்கள் மதிக்கிறோம் என்று ஆரம்பித்தான். பெற்றவர்கள் வந்திருக்கிறார்கள், உதவி செய்கிற கம்பெனிக்காரர்கள் வந்திருக்கிறார்கள், இந்தக் கோலத்தில் முன்னால் நின்றால் எப்படி இருக்கும், கொஞ்சம் கலராக மாற்றிக்கொண்டு வரலாமே என்றான்.

சுலோச்சனாவின் மகள் ஒருத்தி, வாய்த்துடுக்கு ஜாஸ்தி அவளுக்கு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நேத்து ராத்திரி வந்திருந்தா கலர் கலரா பாத்திருக்கலாமே மாப்ளே. கல்யாணத்துக்கு வராம கருமாதிக்கு டிக்கெட் போட்டுட்டு, பூ எங்க பொட்டு எங்கன்னா நாங்க எங்க போறது?"

சுலோச்சனா அவளை அடக்கிட்டாங்க. நிரஞ்சனிடம், "தம்பி, நான் கொடியைப் பிடிச்சிக்கிட்டு நடக்கறேன், அவ்வளவுதான். பேச மாட்டேன், மேடை ஏற மாட்டேன். அந்தப் பையன் கூப்பிட்டான்னுதான் வந்தேன்" என்றாங்க.

அதற்குள் தில்லை ஓடிவந்தான். அந்த அம்மாவின் முழங்கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது.

"சுலோம்மா, கார்ல புடவை வெச்சிருக்கேன். ரோஸ் கலர் சில்க். ரவிக்கையும் உங்க அளவுக்குத் தைச்சு வெச்சிருக்கேன். அஞ்சு நிமிஷம். கட்டிக்கிட்டு வந்துடுங்க."

ரவிக்கை தைத்து வைத்திருக்கிறானாம். துணி எடுத்து, தையல்காரனிடம் அளவு கொடுத்து, கூலி கொடுத்து வாங்கி, மடித்துக் காரில் வைத்திருக்கிறான். அப்படியென்றால் என்னம்மா அர்த்தம்? இவங்க இன்றைக்கு வெள்ளையில்தான் வருவாங்க என்று அவனுக்கு முன்னாலேயே தெரியும். நாலு வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டவன், அந்த நாலு வருஷமும் இந்த நாளில் அந்த வீடு எப்படிக் கிடக்கும் என்று பார்த்தவன். கமிட்டியில் நாள் குறிக்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். என் வயிற்றில் பிறந்தது.

சுலோச்சனா அவன் முகத்தையே பார்த்தாங்க. "நீ மறந்துட்டேன்னுல்ல நினைச்சேன் கண்ணு. மறந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு, அது சாமி கதைதானேம்மா என்றான்.

"உங்கப்பாரு செத்தப்போ நீ போய் மொட்டை போட்டே. உன்னைத் தொரத்தின மனுசன். அதை நான் கதைன்னு சொன்னேனா? நான்தான உன்னைக் கூட்டிக்கிட்டுப் போனேன்."

உண்மைதான். அவர் காரியத்துக்குத் தில்லையைக் கூட்டிக்கொண்டு வந்ததே அந்த அம்மாதான். நான்கூட எதிர்ச்சாரியில் வேப்பமரத்தடியில் நாற்காலி போடச் சொன்னேன். வீட்டுக்குள் சொந்தக்காரர்கள் நெருக்கம், உள்ளே வந்தால் அவங்களுக்குத்தானே சங்கடம். காபிகூடப் பேப்பர் கப்பில் கொடுத்தனுப்பினேன், குடித்துவிட்டுத் தூக்கிப்போட வசதியாக இருக்குமே என்று. சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாங்க. அவ்வளவு விசுவாசம்.

தில்லைக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "என் ஆபீஸ்லேர்ந்தெல்லாம் வந்திருக்காங்க. இன்னைக்கு ஒரு நாள் என்னைக் கேவலப்படுத்தாம இருங்கம்மா, போதும்."

அந்த வார்த்தையில் பிடித்தது எனக்கு இந்தக் குமட்டல். கேவலமாம். நான் அங்கேயே அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். அதற்குள் மைக்கில் என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு பெண் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கூட்டத்தில் என்ன செய்வது? மேடையேறினேன். மனப்பாடம் பண்ணியதில் ஒரு வரி விடவில்லை. என் மகனை நான் ஒருநாளும் கைவிட்டதில்லை. நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடித்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பொன்னாடை இதோ இந்தப் பைக்குள்தான் இருக்கிறது. அசல் ஜரிகை இல்லை, இருந்தாலும் கனமாகத்தான் இருக்கிறது.

வெளியே வந்தால் சுலோச்சனாவைக் காணோம். ஊர்வலம் கிளம்பிக்கொண்டிருந்தது. முன்னால் பறை அடிக்கிறவர்கள், வில்லியனூர் பக்கத்து ஆட்கள். அப்புறம் ஒரு திறந்த ஜீப், அதில் பெற்றவர்கள் நாங்கள். பின்னால் பிள்ளைகள். நிரஞ்சன் கொடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். சுலோச்சனா பிடிக்கவேண்டிய கொடி. மனசு பதறியது. ஆனால் கையில் கொடுத்தபிறகு கீழே போட முடியுமா? பிடித்துக்கொண்டேன். ஜீப்பில் நின்றபடி பிடித்ததில் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

பறைக்காரர்கள் ஆட்டத்துக்கு அடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் குதிக்கிறார்கள், விசிலடிக்கிறார்கள். இரண்டு தெரு தாண்டியிருக்கும். பக்கத்துச் சந்திலிருந்து வெள்ளைப் புடவைகள் வந்தன. சண்டை இல்லை, கூச்சல் இல்லை. நேராக வந்து பறைக்காரர்களுக்கு முன்னால் ரோட்டில் ஏறி, வரிசையாக நடக்க ஆரம்பித்தாங்க. நடுவில் சுலோச்சனா. கையில் கொடி இல்லை, ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் சும்மா நடந்தாங்க. அப்புறம் மார்பில் கையை வைத்து ஒப்பாரி எடுத்தாங்க. ஏற்கெனவே கட்டிய தொண்டை. ஒரு ராத்திரிக்குத் தாலி கொடுத்தாயே, விடியறதுக்குள் என்னை விட்டுப்போனாயே என்று. மகள்கள் சேர்ந்துகொண்டார்கள்.

பறைக்காரர்களில் மூத்தவர் ஒருத்தர், நரைத்த மீசை. அவர் அந்த வெறும் கழுத்துகளைப் பார்த்தார். குச்சியைத் தூக்கி மற்றவர்களை நிறுத்தினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பிறகு அடித்தார் பாருங்கள், சாவு அடி.

நம்ம ஊர் ஜனங்களுக்கு அந்தச் சத்தம் போதும். டீக்கடைக்காரர் ரேடியோவை அணைத்தார். பைக்கில் வந்தவர்கள் ஓரம் கட்டினார்கள். ஒரு ஜவுளிக்கடையில் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. வாசலில் நின்ற ஒரு அம்மாள், யாருடி போயிட்டாங்க என்று கேட்டாள். அந்த வாய்த்துடுக்குக்காரி திரும்பி, எங்க வீட்டுக்காரரும்மா என்றாள். அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நிரஞ்சன் ஓடினான். அண்ணே, ஆட்டத்துக்கு அடிங்க, அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டோம் என்று மன்றாடினான்.

"தாலியறுத்தவங்க முன்னால போறாங்க தம்பி. ஆட்டத்துக்கு அடிச்சா என் கை வெளங்காது" என்றார் அவர். நிறுத்தவே இல்லை.

பின்னால் குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தராக அடங்கினார்கள். அப்புறம் பார்த்தால் அழுகிறார்கள். அரவானுக்காக இருக்காது. யார் யாருக்கு எந்தக் கதவைச் சாத்தினார்களோ. கன்னத்துப் பொடியெல்லாம் கரைந்து வழிகிறது. சிலபேர் ஜீப்பைத் தாண்டிக்கொண்டு முன்னால் போய் அந்த வெள்ளைப் புடவைகளோடு சேர்ந்துகொண்டார்கள். கடற்கரை வரைக்கும் அப்படியே. நான் ஜீப்பிலிருந்தபடியே பெருமாளை நினைத்துக்கொண்டேன். இறங்கி நடந்திருப்பேன், முழங்கால் கேட்கவில்லை.

தில்லை மட்டும் எங்கேயும் போகவில்லை. பிளாட்பாரத்தில் ஒரு துணிக்கடைப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்குள் அந்த ரோஸ் புடவை. நிற்கட்டும். சாயங்காலம் என்னை பஸ் ஏற்ற வந்தான். அந்த அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை பேசுடா என்றேன். அவன் சொல்கிறான்: "நீங்க ரொம்ப நல்லா பேசினீங்கம்மா. எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க." சீ. தன்னைத் தூக்கி வளர்த்தவளை நாலு பேர் முன்னால் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூசுகிற ஜென்மம். படிப்பு என்னத்துக்கு, கொடி என்னத்துக்கு? எனக்கு அவன் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை.

சுலோச்சனாவா? இதே பஸ்தான். மகள்கள் அவரவர் ஊருக்கு ரயிலேறப் போய்விட்டார்கள். திரும்பிப் பாருங்கள், கடைசி சீட்டில், ஜன்னலோரமாக. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாங்களே, அவங்கதான். பாவம், ராத்திரியிலிருந்து தூக்கமில்லை. கடலூரில் இறங்கிவிடுவாங்க. பக்கத்தில் நிற்கிறானே நீலச் சட்டை, அவனைப் பாருங்கள். இடம் இருக்கிறது, உட்காரமாட்டேன் என்கிறான். நின்றுகொண்டே வந்தாலும் வருவானாம். இந்த ஜனங்களை என்னவென்று சொல்வது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நானா? பாண்டியில் ஏறினபோது அவங்க இந்தப் பக்கமாகத்தான் வந்தாங்க. என்னைப் பார்த்ததும் நின்றாங்க. நான் கூப்பிடத்தான் நினைத்தேன். ஆனால் இந்த சீட்டில் பை இருந்தது. அவங்களும் பழகினவங்க, ஒன்றும் நினைக்கமாட்டாங்க, அக்கா வரேன் என்று சிரித்துவிட்டுப் பின்னால் போய்ட்டாங்க. அப்புறம்தான் நீங்கள் ஏறினீர்கள். பெண்பிள்ளை, தனியாக நிற்கிறீர்களே என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உங்களைக் கூப்பிட்டேன்.

என்னம்மா, எழுந்துவிட்டீர்கள்? இது ரெட்டிச்சாவடிதான், கடலூரே இன்னும் வரவில்லை. வெயில்கூட இறங்கிவிட்டதே. இந்தப் பக்கம் மாறி உட்காருகிறீர்களா, நான் நகர்ந்துகொள்கிறேன்.

பின்னாலா? அங்கே எதற்கு, ஆட்டம் அதிகமாக இருக்கும். சரி, போய்ப் பேசிவிட்டு வாருங்கள், உங்கள் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அட, பையையும் எடுத்துக்கொண்டா போகிறீர்கள்?